ஸ்டீவ் நாஷ்: மோதிரம் இல்லாத ஒரு பாயின்ட் கார்டைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பேட்டை மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பேஸ்கட்பால் ஆடுகிறவர்களுக்கு நான் 'நாஷ் பைத்தியம்'. அவருடைய பதின்மூன்றாம் நம்பர் பனியனோடு வருகிற ஒரே ஆள் என்பதால் எல்லாக் கேள்வியும் என்னிடம்தான் வருகிறது. ஒவ்வொரு வாரமும் அதே பதிலைச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

பாயின்ட் கார்டுன்னா யாரு? பந்தைத் தட்டிக்கிட்டு கொண்டு வர்றவன், அவ்வளவுதானே?

கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். வாளியோடு ஓடுகிறவர்கள் பலர் இருப்பார்கள். ஆனால் எந்த இலையில் சாம்பார் தீர்ந்தது, எந்தப் பெரியவர் ரசத்துக்குக் காத்திருக்கிறார் என்று பார்த்து, சத்தம் போடாமல் கண்ணாலேயே ஆளை அனுப்புகிறவர் ஒருவர் உண்டு. ஐந்து பேர் ஆடும் அணியில் அவர்தான் பாயின்ட் கார்டு. பந்து கைக்கு வந்து 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். யார் எறிவது, எங்கிருந்து எறிவது என்பதைப் பெரும்பாலும் அவர்தான் முடிவு செய்கிறார்.

அவர் கொடுத்த பாஸை வாங்கி இன்னொருவர் கூடையில் போட்டால் அது அவர் கணக்கில் ஓர் அசிஸ்ட். நாஷ் அமெரிக்காவின் பெரிய தொழில்முறை லீகான என்பிஏ-வில் மொத்தம் 10,335 அசிஸ்ட் கொடுத்தார். ஓய்வு பெற்ற 2015-இல் அவருக்கு மேலே இருந்தவர்கள் இரண்டே பேர், ஜான் ஸ்டாக்டனும் ஜேசன் கிட்டும்.

நாஷ் அமெரிக்கர்தானே?

இல்லை, கனடாக்காரர். பிறந்தது 1974 பிப்ரவரி 7, தென்னாப்பிரிக்காவின் ஜோஹன்னஸ்பர்க்கில். அப்பா இங்கிலாந்துக்காரர், அங்கே கால்பந்து ஆடப் போனவர். அம்மா வேல்ஸ் நாட்டுக்காரர். நிறவெறி ஆட்சி நடக்கும் ஊரில் பிள்ளையை வளர்க்க வேண்டாம் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு கனடாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். நாஷ் வளர்ந்தது பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் விக்டோரியாவில்.

வீடு முழுக்கக் கால்பந்து. தம்பி மார்ட்டின் கனடா கால்பந்து அணிக்கே ஆடியவர். நாஷ் பேஸ்கட்பாலுக்கு வந்தது பன்னிரண்டு, பதின்மூன்று வயதில். யாரும் இல்லாத இடத்துக்குப் பந்தை அனுப்பி ஆளை அங்கே வரவழைக்கும் அவருடைய பழக்கம் கால்பந்திலிருந்து ஒட்டிக்கொண்டது என்பது என் எண்ணம்.

ஒரே ஒரு காலேஜ்தான் அவரைக் கூப்பிட்டுச்சாமே? நிஜமா?

நிஜம். பள்ளிக் கோச் முப்பதுக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குக் கடிதமும் வீடியோவும் அனுப்பினார். உதவித்தொகையோடு இடம் தர முன்வந்தது கலிஃபோர்னியாவின் சான்டா கிளாரா மட்டும்தான். கனடாவிலிருந்து ஒல்லியாக ஒரு வெள்ளைக்காரப் பையன், எகிறிக் குதிக்கவும் மாட்டான். யார் நம்புவார்கள்? அவரைத் தேர்ந்தெடுத்த கோச் டிக் டேவிகூட, இவ்வளவு மோசமாகத் தடுப்பாட்டம் ஆடும் ஒருவனைத் தான் பார்த்ததே இல்லை என்று அவரிடமே சொன்னவர்.

1993-இல், முதல் வருட மாணவனாக நாஷ் இருந்தபோது, பதினைந்தாம் தரவரிசையில் இருந்த சான்டா கிளாரா, இரண்டாம் தரவரிசையில் இருந்த அரிசோனாவை 64-61 என்று தோற்கடித்தது. கடைசி அரை நிமிடத்தில் நாஷ் வரிசையாக ஆறு ஃப்ரீ த்ரோக்களை, அதாவது எதிரணியின் ஃபவுலுக்காக யாரும் தடுக்காமல் எறியக் கிடைக்கும் ஷாட்டுகளை, போட்டார். இன்றும் கல்லூரி ஆட்டத்தின் பெரிய அதிர்ச்சிகளைப் பட்டியல் போட்டால் அந்த மேட்ச் வந்துவிடும்.

டென்னிஸ் பந்தை வச்சு டிரிபிளிங் பழகினார்னு சொல்றாங்களே, கட்டுக்கதையா?

கட்டுக்கதை இல்லை. வகுப்புக்கு நடந்து போகும்போது டென்னிஸ் பந்தைத் தட்டிக்கொண்டே போவார். பேஸ்கட்பால் பெரியது, உள்ளங்கையை நிரப்பிக்கொண்டு தானே எழும்பி வரும். டென்னிஸ் பந்துக்குக் கை கொஞ்சம் தப்பினாலும் சாக்கடைக்குள் ஓடிவிடும். விரல் நுனியில்தான் பிடிக்க முடியும், அதுவும் கீழே பார்க்காமல். எங்கள் பையன்கள் இரண்டு பேர் இதைக் கேட்டு டென்னிஸ் பந்தோடு தெருவில் இறங்கினார்கள். மூன்றாம் நாள் அது கிரிக்கெட் ஆகிவிட்டது.

டிராஃப்ட்ல எடுத்ததும் சொந்த அணி ரசிகர்களே ஏன் கத்தினாங்க?

டிராஃப்ட் என்பது என்பிஏ அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் நிகழ்ச்சி. 1996 டிராஃப்டில் ஃபீனிக்ஸ் சன்ஸ் அவரைப் பதினைந்தாவது ஆளாக எடுத்தது. ஆலன் ஐவர்சன், ரே ஆலன், கோபி பிரையன்ட் எல்லாரும் வந்த டிராஃப்ட் அது. ஃபீனிக்ஸ் ரசிகர்களுக்கு இந்தப் பெயரே புதிது, அதனால் அரங்கிலேயே ஊளையிட்டார்கள். அணியில் அதே இடத்துக்குக் கெவின் ஜான்சன் இருந்தார், சாம் கசெல் இருந்தார். போதாததற்கு டிசம்பரில் ஜேசன் கிட்டையும் வாங்கினார்கள். நாஷுக்கு மேட்சுக்குப் பத்து நிமிடம் கிடைத்தாலே பெரிது.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கூடைக்குக் கீழே நிற்கும் உயரமான ஆள் இன்னொரு உயரமான ஆளோடு சேர்ந்து ஆடலாம். பாயின்ட் கார்டுக்கு அந்த வசதி குறைவு. பந்து ஒன்றுதான், அதை அவர் கையில் கொடுத்தால்தான் அவர் யார் என்றே தெரியும். நாஷின் வாழ்க்கையில் ஏறின இடம், இறங்கின இடம் எல்லாமே அவர் கையில் பந்தைக் கொடுத்தது யார், பிடுங்கியது யார் என்ற கணக்குதான்.

அப்புறம் எப்படி டல்லாஸ் போனார்?

1998-இல் சன்ஸ் அவரை டல்லாஸ் மேவரிக்ஸுக்கு மாற்றிவிட்டது. பதிலுக்குக் கிடைத்தவற்றில் ஒரு டிராஃப்ட் வாய்ப்பும் உண்டு. அதை வைத்து மறுவருடம் சன்ஸ் எடுத்தது ஷான் மேரியனை. ஆறு வருடம் கழித்து நாஷ் திரும்பி வந்தபோது, அவருடைய பாஸை வாங்கிப் போட அதே மேரியன் அங்கே காத்திருந்தார். சொந்த விலையோடு சேர்ந்து ஆடும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

டல்லாஸிலும் முதல் சீசன் படுமோசம். காயம், குறி தவறும் ஷாட்டுகள், மறுபடியும் சொந்த ரசிகர்களின் ஊளை. அந்தச் சமயத்தில் ஜெர்மனியிலிருந்து வந்த டிர்க் நோவிட்ஸ்கியும் அவரும் நெருங்கிய நண்பர்களானார்கள். 2002, 2003 இரண்டு வருடமும் லீகின் சிறந்த ஆட்டக்காரர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் மேட்சுக்கு நாஷ் தேர்வானார். 2003-இல் அணி மேற்குப் பிரிவின் இறுதிச்சுற்று வரை போனது.

அவ்வளவு நல்லா ஆடினவரை டல்லாஸ் ஏன் விட்டுச்சு? பைத்தியமா?

2004-இல் நாஷின் ஒப்பந்தம் முடிந்தது. வயது 30, முதுகு தகராறு. ஆறு வருடத்துக்கு ஆறு கோடி டாலருக்கு மேல் தருவதாக ஃபீனிக்ஸ் சொன்னது. நாஷ் டல்லாஸ் உரிமையாளர் மார்க் கியூபனிடம் போய் இதே தொகை கிடைக்குமா என்று கேட்டார். இந்த உடம்பு அத்தனை வருடம் தாங்காது என்று கியூபன் ஒதுங்கிக்கொண்டார். அன்றைய கணக்குப்படி அது பைத்தியக்காரத்தனம் இல்லை. முப்பது வயதுப் பாயின்ட் கார்டுக்கு நீண்ட ஒப்பந்தம் என்றால் யாருக்கும் கை நடுங்கும்.

அடுத்த இரண்டு சீசனிலும் லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருதான எம்விபி நாஷுக்குப் போனது. இடையில் 2005 பிளே-ஆஃபில், அதாவது சீசன் முடிந்து கோப்பைக்காக நடக்கும் சுற்றுகளில், டல்லாஸே எதிரில் வந்தது. அதைக் கடைசிக் கேள்விக்கு வைத்திருக்கிறேன்.

'ஏழு விநாடி ஆட்டம்'ங்கிறது என்ன?

ஃபீனிக்ஸ் கோச் மைக் டான்டோனியின் பாணி. 24 விநாடி இருக்கிறதே என்று காத்திருக்காமல், எதிரணி தன் இடத்துக்கு ஓடி நிற்பதற்குள் ஏழு விநாடிக்குள்ளாகவே ஷாட் எறிந்துவிட வேண்டும். அதற்கு முந்தைய சீசனில் 29 மேட்ச் ஜெயித்த சன்ஸ், நாஷ் வந்ததும் 62 ஜெயித்தது. மேட்சுக்கு 110 புள்ளிக்கு மேல் எடுத்தது. அந்தக் காலத்தில் பல அணிகள் நூறைத் தொடவே திணறின.

2004-இல் ஒரு விதியையும் இறுக்கினார்கள். பந்து வைத்திருப்பவரைக் கையால் அழுத்திப் பிடித்துத் தடுக்கக் கூடாது என்பதை நடுவர்கள் கறாராகப் பார்க்க ஆரம்பித்தார்கள். நாஷைப் போல உடல் பலம் குறைந்த ஆளுக்கு அது பெரிய வரம். அதிர்ஷ்டமும் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

அவர் கூடைக்கு அடியில் போய் பந்தைப் போடாமலே வெளியே வந்துடுவாரே, அது ஏன்?

எனக்குப் பிடித்த கேள்வி இது. அமாரே ஸ்டவுடமையர் மாதிரி ஒரு பெரிய ஆள் வந்து நாஷைத் தடுப்பவரின் வழியில் தூண் மாதிரி நிற்பார். அதுதான் ஸ்க்ரீன். நாஷ் அவர் தோளை உரசிக்கொண்டு தாண்டுவார், ஸ்டவுடமையர் திரும்பிக் கூடையை நோக்கி ஓடுவார். இந்த 'பிக் அண்ட் ரோல்' எல்லாரும் ஆடுவதுதான். உள்ளே வந்தாயிற்று, வழி அடைத்துவிட்டது என்றால் மற்றவர்கள் அவசரப்பட்டு எறிவார்கள், அல்லது பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார்கள். பிடித்துவிட்டால் மறுபடி தட்ட முடியாது, கதை முடிந்தது.

நாஷ் பிடிக்க மாட்டார். கூடைக்கு அடியில் எல்லைக்கோட்டை ஒட்டி, தட்டிக்கொண்டே மறுபக்கம் வெளியே வந்துவிடுவார். அந்த இரண்டு விநாடியில் தடுக்கும் ஐந்து பேரின் தலையும் அவரோடு திரும்பும். முதுகுக்குப் பின்னால் யார் நழுவுகிறார் என்று அவர்களுக்குத் தெரியாது, நாஷுக்குத் தெரியும். அடுத்த முறை பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டுத் தடுப்பவர்களின் கழுத்தை மட்டும் பாருங்கள்.

எம்விபி ரெண்டு தடவை குடுத்தது நியாயமா? ஷாக்கும் கோபியும் இருந்தாங்களே?

2005-இல் நாஷின் சராசரி 15.5 புள்ளி, 11.5 அசிஸ்ட். ஷாக் என்கிற ஷக்கீல் ஓ'நீல் மயாமிக்கு மாறி அந்த அணியைத் தூக்கி நிறுத்திய வருடம் அது, அதனால் ஓட்டு மிக நெருக்கமாகத்தான் முடிந்தது. நாஷ் ஆடிய 75 மேட்சில் சன்ஸ் 60 ஜெயித்தது, ஆடாத 7-இல் ஜெயித்தது 2. இந்தக் கணக்கு எனக்குப் போதும்.

2006 கொஞ்சம் சிக்கல். கோபி பிரையன்ட் அந்த சீசனில் மேட்சுக்கு 35.4 புள்ளி எடுத்தார், ஒரே மேட்சில் 81 எடுத்ததும் அப்போதுதான். ஓட்டில் நான்காவதாக வந்தார். நாஷ் பக்கம் சொல்ல ஒன்று உண்டு: ஸ்டவுடமையர் முட்டி அறுவை சிகிச்சையால் ஏறக்குறைய சீசன் முழுக்க இல்லை, ஆனாலும் அணி 54 ஜெயித்தது. என் ஓட்டு யாருக்கு என்று கேட்டால், 2005 நாஷ், 2006 கோபி. பனியனைக் கழற்றச் சொல்லாதீர்கள்.

50-40-90ன்னு ஏதோ சொல்றீங்களே, அது என்ன?

ஒரு சீசனில் மொத்த ஷாட்டில் 50 சதவீதம், மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து 40, ஃப்ரீ த்ரோவில் 90 என மூன்றையும் தொடுவது. லாரி பேர்ட் இரண்டு முறை தொட்டார். நாஷ் நான்கு முறை: 2006, 2008, 2009, 2010. நடுவில் 2007-ஐக் காணோமே என்றால், அந்த வருடம் ஃப்ரீ த்ரோவில் 247-க்கு 222, அதாவது 89.9. இன்னும் ஒன்று விழுந்திருந்தால் ஐந்து வருடம் தொடர்ச்சியாக ஆகியிருக்கும்.

மொத்த வாழ்க்கையில் 3,384 ஃப்ரீ த்ரோ எறிந்து 3,060 போட்டார். ஓய்வு பெறும்போது அதுதான் என்பிஏ வரலாற்றின் உயர்ந்த சதவீதம். பின்னால் ஸ்டெஃபன் கரி தாண்டினார். எறிவதற்கு முன் நாஷ் விரலை நக்கி, முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, பந்தே இல்லாமல் காற்றில் ஒரு முறை எறிந்து பார்ப்பார். எங்கள் மைதானத்தில் பலர் இதில் முதல் இரண்டை மட்டும் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

டிஃபென்ஸ் சுத்தமா வராதாமே?

வராது என்பது கொஞ்சம் அதிகம், சுமார் என்பது சரி. டிக் டேவி சொன்னதை மேலே பார்த்தோம். வேகமான கார்டுகள் அவரைத் தாண்டிப் போவார்கள். ஆனால் மோதல் வந்தால் விலக மாட்டார். ஓடிவரும் ஆளின் குறுக்கே நின்று நெஞ்சில் வாங்கிக்கொண்டு ஃபவுல் வாங்கித் தருவார்.

2007-ல என்னதான் நடந்தது? அதைப் பேசினாலே ஏன் கோபம் வருது?

பிளே-ஆஃப் இரண்டாம் சுற்று, எதிரணி சான் அன்டோனியோ ஸ்பர்ஸ். முதல் மேட்சிலேயே டோனி பார்க்கரோடு மோதி நாஷின் மூக்கு கிழிந்தது. ரத்தம் நிற்காததால், விதிப்படி கடைசி நிமிடத்தின் முக்கியமான நேரத்தில் வெளியே உட்கார வேண்டியதாயிற்று. சன்ஸ் தோற்றது.

நான்காவது மேட்சை சன்ஸ் ஜெயித்துக்கொண்டிருந்தது, மிச்சம் 18 விநாடி. ராபர்ட் ஹாரி இடுப்பால் இடித்து நாஷை ஸ்கோர் மேசைமேல் தள்ளினார். பெஞ்சிலிருந்த ஸ்டவுடமையரும் போரிஸ் டியாவும் எழுந்து சில அடி முன்னே வந்தார்கள். யாரையும் அடிக்கவில்லை, உதவிக் கோச்சுகள் பிடித்து நிறுத்திவிட்டார்கள். ஆனால் கைகலப்பின்போது பெஞ்சை விட்டு நகரக் கூடாது என்பது விதி. இருவருக்கும் ஒரு மேட்ச் தடை. இடித்த ஹாரிக்கு இரண்டு மேட்ச் தடை என்றாலும், அவர் ஸ்பர்ஸின் மாற்று ஆட்டக்காரர். தொடர் 2-2 என்று இருக்க, ஐந்தாவது மேட்சில் சன்ஸ் மூன்றே புள்ளியில், 88-85 என்று தோற்றது. ஸ்பர்ஸ் 4-2 என்று தொடரை முடித்து, கோப்பையையும் வாங்கியது. விதி விதிதான். இந்தியாவில் அந்த மேட்ச் காலையில் வந்தது, அன்று காபி ஆறிப்போனது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மோதிரமே இல்லாதவரை எப்படிப் பெரிய ஆளுன்னு சொல்றீங்க?

கோப்பை ஜெயித்தவர்களுக்குத் தரும் மோதிரத்தைச் சொல்கிறீர்கள். நாஷ் ஆட்டக்காரராக ஃபைனல்ஸுக்கே போகவில்லை. 2003-ஐயும் சேர்த்து நான்கு முறை ஒரு படி முன்னால் நின்றுவிட்டது. 2005-இல் ஜோ ஜான்சனின் முக எலும்பு உடைந்திருந்தது. 2006-இல் ஸ்டவுடமையர் இல்லை, எதிரே பழைய நண்பன் நோவிட்ஸ்கி. 2010-இல் கோபியின் அணியான லேக்கர்ஸோடு 2-2 என்று இருந்தபோது, ஐந்தாவது மேட்சின் கடைசி நொடியில் கோபி எறிந்த ஷாட் குறி தவறி விழ, அதைப் பிடித்து ரான் ஆர்டெஸ்ட் உள்ளே போட்டார்.

அதிர்ஷ்டம் மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். சன்ஸ் நிர்வாகம் சம்பளக் கணக்குப் பார்த்து நல்ல டிராஃப்ட் வாய்ப்புகளை விற்றது. நன்றாக ஓடிய அணியைக் கலைத்து, 2008-இல் மேரியனைக் கொடுத்து வயதான ஷாக்கை வாங்கியது. ஏழு விநாடி ஆட்டத்துக்கு ஷாக்! சரி, விடுங்கள்.

பெஞ்சில் உட்காராம தரையில் படுத்திருப்பாரே, திமிரா?

வலி. முதுகெலும்பில் ஓர் எலும்பு முன்பக்கமாக நழுவியிருக்கும் ஸ்பான்டிலோலிஸ்தீசிஸ் அவருக்கு இருந்தது. உட்கார்ந்தால் முதுகு இறுகிவிடும், திரும்ப எழுந்து ஓட முடியாது. அதனால் மல்லாந்து படுத்துக்கொண்டு, தலையைத் தூக்கி ஆட்டத்தைப் பார்ப்பார். கியூபன் பயந்த அதே முதுகு. அந்த முதுகோடு 2011-இல் 37 வயதில் ஐந்தாவது முறையாக லீகிலேயே அதிக அசிஸ்ட் சராசரி எடுத்தார்.

லேக்கர்ஸுக்கு ஏன் போனார்? அசிங்கமா முடிஞ்சுதே?

2012-இல் வயது 38. கோபி, பாவ் கசோல், டுவைட் ஹவர்ட் எல்லாரும் ஒரே அணியில் சேர்ந்த வருடம், இந்தத் தடவை கோப்பை நிச்சயம் என்று தோன்றியது. இரண்டாவது மேட்சிலேயே டேமியன் லில்லர்டோடு மோதி இடது கால் எலும்பு விரிந்தது. அதிலிருந்து நரம்பு வலி முதுகு வரை ஏறியது. முதல் சீசனில் 50 மேட்ச், இரண்டாவதில் 15, மூன்றாவதில் பூஜ்யம். 2015 மார்ச்சில் ஓய்வு அறிவித்தார்.

காயம் இல்லாவிட்டாலும் அது ஓடியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். டிராஃப்ட் பதிலில் சொன்ன அதே விஷயம்தான். அங்கே பந்து கோபியின் கையில், நாஷ் ஓரமாக நின்று பாஸுக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. நடுவில் டான்டோனியே கோச்சாக வந்தும் மாறவில்லை.

இவ்வளவு தெரிஞ்சவர் கோச்சா ஏன் ஜெயிக்கலை?

2020-இல் கோச் அனுபவமே இல்லாமல் புரூக்ளின் நெட்ஸ் தலைமைக் கோச் ஆனார். டுரான்ட், கைரி இர்விங், பின்னால் ஹார்டன் என மூன்று பெரிய ஆட்டக்காரர்கள். மூவரும் சேர்ந்து நின்ற நாட்கள் கொஞ்சம்தான். 94 வெற்றி, 67 தோல்வி, 2022 நவம்பர் 1-இல் பிரிந்தார்கள். களத்தில் கண்ணால் செய்த வேலையை ஓரத்தில் நின்று வாயால் செய்ய வேண்டும். அது வேறு தொழில்.

சரி, ஒரே ஒரு மேட்ச் பார்க்கணும்னா எதைப் பார்க்கிறது?

2005 இரண்டாம் சுற்று, டல்லாஸுக்கு எதிரான ஆறாவது மேட்ச். தொடர் முழுக்க, நாஷ் பாஸ் கொடுக்காமல் தானே எறியட்டும் என்று வழிவிட்டு, மற்றவர்களை அடைத்தார்கள். சரி என்று நான்காவது மேட்சில் 48 புள்ளி எடுத்தார், ஆனால் அணி தோற்றது. ஐந்தாவதில் 34 புள்ளி, 13 ரீபவுண்ட் (குறி தவறிய பந்தைப் பிடிப்பது), 12 அசிஸ்ட். ஆறாவதில் 39.

அந்த ஆறாவதில் கடைசி விநாடிகளைப் பாருங்கள். சன்ஸ் மூன்று புள்ளி பின்னால். நாஷ் அவசரமில்லாமல் பந்தைக் கொண்டு வருகிறார். அவர் விட்டுப்போன இடத்துக்கு டல்லாஸ் வாங்கிய ஜேசன் டெர்ரிதான் எதிரில் நிற்கிறார், ஓர் அடி தள்ளி. அந்த ஓர் அடி போதும், கோட்டுக்கு வெளியிலிருந்து எறிகிறார், விழுகிறது, சமன். நோவிட்ஸ்கி டெர்ரியைப் பார்த்துக் கையை விரித்துக் கத்துகிறார். கூடுதல் நேரத்தில் சன்ஸ் 130-126.